மஞ்சக்கிழங்கு வாயைத் திறந்தபோது

மூடிய வாயைப் பார்த்தால் பல் டாக்டருக்குப் பொறுக்காது. தொழில்தோஷம் என்று சொல்லலாம், பிறவிக் குணம் என்றும் சொல்லலாம். கிளினிக்கின் முன்னறையில் யாராவது கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தால் போதும், அவர் பல்வலிக்காரரா, துணைக்கு வந்து தூங்கி வழிகிறவரா என்றெல்லாம் விசாரிக்க மாட்டார். உள்ளே வாங்க, ஆ காட்டுங்க, பார்த்துவிடுவோம் என்பார். பார்த்தால் ஏதாவது தட்டுப்படும். தட்டுப்பட்டால் பிடுங்கிவிடுவார். தெருவில் அவருக்குக் குறடு டாக்டர் என்று பெயர். அது அவர் காதுக்கும் வந்திருந்தது. அவர் அதைப் பட்டம் மாதிரிதான் எடுத்துக்கொண்டார்.

அப்பேர்ப்பட்டவர் மூன்று வாரமாக ஒரு வாயைத் திறக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். அது முன்னறைக் கண்ணாடித் தொட்டியில் இருந்த மஞ்சள் மீனின் வாய்.

மீன்கள் அவருடையவை அல்ல, மகளுடையவை. மகளுக்குப் பதிமூன்று வயது. டாக்டரும் அவர் மனைவியும் பிரிந்தபோது பீரோ முதல் டம்ளர் வரை அவரவர் பங்கு அவரவருக்குப் போயிற்று. தொட்டியை மட்டும் தூக்க முடியாமல் கிளினிக்கிலேயே விட்டுவிட்டார்கள். ஞாயிறுதோறும் அம்மா காரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடுவாள். மகள் செருப்பைக் கழற்றிய கையோடு நேரே தொட்டிக்குப் போவாள். அதிலே பெரியதாக, மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருந்த ஒன்றுக்கு மஞ்சக்கிழங்கு என்று பெயர் வைத்திருந்தாள். அதோடு கண்ணாடியில் மூக்கு படக் குசுகுசுவென்று பேசுவாள். என்ன பேசுகிறாள் என்று டாக்டர் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும்.

அவரும் சும்மா இருக்க மாட்டார். என்ன சாப்பிட்டாய், அம்மா என்ன சொன்னாள், வீட்டுக்கு யார் வந்தார்கள், ஏன் முகம் வாடியிருக்கிறது என்று ஒரு பல் விடாமல் தட்டிப் பார்ப்பார். பல்லைப் பிடுங்குவதில் இருந்த லாவகம் பேச்சைப் பிடுங்குவதில் அவருக்குக் கைவரவில்லை. பெண் தலையை ஆட்டுவாள், இல்லாவிட்டால் தோளைக் குலுக்குவாள். மத்தியானம் காரின் ஹாரன் கேட்டதும் மஞ்சக்கிழங்குக்கு டாட்டா காட்டிவிட்டுப் போய்விடுவாள். அவள் மீனுக்காகத்தான் வருகிறாள், தனக்காக அல்ல என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அது தெரிந்தே ஒவ்வொரு ஞாயிறும் சவரம் செய்து நல்ல சட்டை போட்டுக்கொண்டு காத்திருப்பார். மஞ்சக்கிழங்கு போனால் ஞாயிற்றுக்கிழமையும் போனது என்று அவர் மனசுக்குள் ஒரு கிலி எப்போதும் இருந்தது.

அந்த மஞ்சக்கிழங்குதான் சாப்பிடாமல் கிடந்தது. தீனியைத் தூவினால் மற்ற மீன்கள் அடித்துக்கொண்டு வரும். இது கல்லுக்குப் பின்னால் ஒதுங்கி, எதையோ அசைபோடுகிற மாதிரி வாயை அசைக்கும், ஆனால் திறக்காது. உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. தாடை மட்டும், பஞ்சை அடக்கிக் கடித்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிய பேஷண்டுக்குத் தொங்குவது போலத் தொங்கியது. வேறு யாராவது என்றால் மீனுக்கு என்னமோ ஏதோ என்று குழம்பியிருப்பார்கள். டாக்டருக்குக் குழப்பமே இல்லை. வீக்கம், பசியின்மை, வாயைத் திறக்க மறுப்பது. இருபது வருஷமாக அவர் பார்த்துவரும் கேஸ். தாடையில் சீழ் கட்டியிருக்கிறது.

மகளைக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஒரு மீனைக்கூடப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாத அப்பன் என்று நினைத்துவிடுவாளோ என்று பயந்து, மீன் கடைக்காரருக்குப் போன் போட்டார். அங்கேயும் தன் பேஷண்டுகள் செய்கிற தப்பைத்தான் செய்தார். என்ன நடக்கிறது என்று சொல்லாமல், என்ன வியாதி என்று தானே சொன்னார். வாயில் சீழ், தனியாக வைத்து வைத்தியம் பார்க்க வேண்டும், தொட்டி எப்படி அமைப்பது? கடைக்காரர் கேட்டதற்குப் பதில் சொன்னார். சின்ன பிளாஸ்டிக் தொட்டி போதும். மணல், கல் வேண்டாம். பெரிய தொட்டித் தண்ணீரையே மொண்டு ஊற்றுங்கள், புதுத் தண்ணீர் ஒத்துக்காது. காற்று மோட்டாரும், தண்ணீரை வடிகட்ட ஸ்பாஞ்சும் போடுங்கள், சூட்டுக் கம்பியும் போடுங்கள். ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு கட்டாயம் போடுங்கள்.

ஞாயிறு காலை, மகள் வருவதற்கு முன்னால் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று டாக்டர் சிஸ்டரை வரவழைத்தார். சிஸ்டர் கிளினிக் திறந்த நாளிலிருந்து அவரோடு இருக்கிறவர். டாக்டர் ஊரார் வாயைத் திறப்பார், சிஸ்டர் தன் வாயை மூட மாட்டார். லீவு நாளில் மனுஷனுக்கே ஆபரேஷன் கிடையாது, மீனுக்கு என்ன வந்தது என்று முனகிக்கொண்டே வந்தார். ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. பேஷண்டுகளின் பல் அச்சுகளைப் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவைக் காலி செய்தார். யார் யாருடைய பற்களோ மேஜை மேல் இளித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தன. டப்பாவைச் சோப்புப் போடாமல் வெந்நீரில் அலசி, பெரிய தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றி, கொஞ்சம் உப்பைக் கரைத்து, சிகிச்சை நாற்காலிக்குப் பக்கத்திலிருந்த தள்ளுவண்டியில் வைத்தார். மோட்டார் குமிழ் விட்டது. குழாய்த் துண்டைப் போடட்டுமா என்று கேட்டதற்கு மட்டும் டாக்டர் சிரித்துவிட்டார்.

"ஆபரேஷன் தியேட்டர்ல சோபா எதுக்கு சிஸ்டர்?"

நாற்காலியின் பெரிய விளக்கைத் தொட்டிக்கு மேலே இழுத்துவிட்டார்கள். வலையில் சிக்கிய மஞ்சக்கிழங்கை ஈரத் துணியில் சுற்றி டாக்டர் இடது உள்ளங்கையில் கிடத்திக்கொண்டார். சிஸ்டர் தண்ணீர் நிரப்பிய கிண்ணத்தை அடியில் பிடித்தார். டாக்டர் முனை மழுங்கிய கருவி ஒன்றை எடுத்து, எத்தனையோ வாய்களைத் திறந்த கைப்பக்குவத்தோடு, கீழ்த்தாடையை மெதுவாக நெம்பினார். முதலில் மறுத்தது. அப்புறம் திறந்தது. சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ கிண்ணத்தில் விழுந்தது.

நான்தான் சொன்னேனே, சீழ் என்றார் டாக்டர். குரலில் வெற்றி தெரிந்தது.

சிஸ்டர் கிண்ணத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கினார். பேச்சே வரவில்லை. அவருக்குப் பேச்சு வராமல் டாக்டர் பார்த்ததே கிடையாது.

"டாக்டர், சீழுக்குக் கண்ணு இருக்குமா?"

இருந்தது. ஒவ்வொரு துளிக்கும் இரண்டு கண், கறுகறுவென்று. வாலும் இருந்தது. கிண்ணத்துக்குள் அவை விலுக் விலுக்கென்று ஓடின. டாக்டர் கையிலிருந்த மீனின் வாயிலிருந்து இன்னும் வந்துகொண்டே இருந்தன. ஒன்று அவர் விரலில் ஒட்டிக்கொண்டு அவரையே பார்த்தது. எத்தனை வாய்க்குள் பார்த்திருக்கிறார், என்னென்ன எடுத்திருக்கிறார். ஒரு வாய்க்குள்ளிருந்து உயிர் வந்து அவர் பார்த்ததில்லை. மீன் கையிலிருந்து நழுவப் பார்த்தது. சிஸ்டர்தான் சமாளித்து, தாயையும் குஞ்சுகளையும் பிளாஸ்டிக் தொட்டியில் கவிழ்த்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக இருக்கிறதே என்று அப்போதுதான் அவருக்கு வாய் திறந்தது.

நாற்காலியில் பேஷண்ட் உட்காருகிற இடத்தில் டாக்டர் உட்கார்ந்துவிட்டார். அதிர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக இறங்க, அந்த இடத்தில் சந்தோஷம் ஏறியது. சாகக் கிடக்கிறது என்று நினைத்த மீன் பிள்ளை பெற்றிருக்கிறது! சுமார் இருபது தேறும். இவற்றை மகளிடம் காட்டினால் எப்படித் துள்ளுவாள்! இவை வளர வேண்டும், பெரிதாக வேண்டும், இவற்றுக்கெல்லாம் பெயர் வைக்க வேண்டும். அதற்கெல்லாம் அவள் வந்துதானே ஆக வேண்டும்? அவர் கண்ணுக்கு ஒவ்வொரு குஞ்சும் ஒரு ஞாயிற்றுக்கிழமையாகத் தெரிந்தது. எழுந்து போய்த் தொட்டிக்கு மேல் முகத்தைக் கவிழ்த்து, விளக்கை இன்னும் கீழே இழுத்து, ஆசை ஆசையாகப் பார்த்தார்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சக்கிழங்கு மூலையிலிருந்து திரும்பி, வாயை அகலத் திறந்து, ஒரு குஞ்சை உள்ளே இழுத்துக்கொண்டது.

கண்ணை மூடித் திறந்தார். இன்னொன்று போயிற்று. அப்புறம் மூன்று நான்கு சேர்ந்து ஒரே வாயில் போயின. தட்டில் சிந்தியதைப் பொறுக்கித் தின்கிற மாதிரி அந்த மீன் சுற்றிச் சுற்றி வந்து, தான் பெற்றதைத் தானே முழுங்கிக்கொண்டிருந்தது. டாக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரத்தத்தைப் பார்த்துக் கலங்காத சிஸ்டர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு சொல்லுவாங்க. அது இதுதானா டாக்டர்?"

அந்த வார்த்தை அவருக்குள் எதையோ குத்திக் கிளப்பியது. தாய் என்றால் இப்படித்தான் என்று தோன்றியது. அவர் வீட்டுத் தாயும் அதைத்தானே செய்தாள்? கலகலவென்று பேசித் திரிந்த பெண்ணை அப்படியே வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். வாரத்துக்கு ஒரு தடவை வெளியே விடுகிறாள், அதுவும் அரை நாள். சிஸ்டரிடம் இதைச் சத்தமாகவே சொன்னார். டாக்டர், பேஷண்டுகள் வாய் கொப்பளிக்கிற பிளாஸ்டிக் டம்ளர் ஒன்றை உருவி, தண்ணீரோடு குஞ்சுகளை அள்ளத் தொடங்கினார். கை உள்ளே போகப் போகத் தாய் இன்னும் வேகமாக வாரிப் போட்டுக்கொண்டது. அவர் கைக்கு நான்கைந்துதான் தப்பின. மற்றதெல்லாம் போய்விட்டது.

இன்னும் வயிற்றுக்குள் போயிருக்காது, தொண்டையில்தான் இருக்கும், உடனே திறந்தால் எடுத்துவிடலாம் என்றார். கையுறையை மாட்டினார். வலையை எடுத்தார். இரண்டாவது தடவை திறந்தால் மீன் தாங்காது என்று சிஸ்டர் சொல்லிப் பார்த்தார். தாங்காவிட்டால் போகட்டும், பெற்றதைத் தின்கிற பிறவி இருந்து என்ன லாபம் என்றார் டாக்டர். அந்த நிமிஷத்தில் அது மஞ்சக்கிழங்கு என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

வலை தண்ணீரைத் தொடும்போது கதவருகே மகளின் குரல் கேட்டது.

"அப்பா, லைட்ட அணைங்க."

அவள் எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை. பெரிய தொட்டியில் தேடிவிட்டு வந்திருக்க வேண்டும். முகம் வெளுத்துப் போயிருந்தது. டாக்டர் படபடவென்று நடந்ததைக் கொட்டினார். சீழ் என்று நினைத்தது, குஞ்சு வந்தது, இந்த ராட்சசி எல்லாவற்றையும் தின்றுவிட்டது, இதோ கொஞ்சத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன் பார். மகள் காது கொடுத்ததாகவே தெரியவில்லை. தானே விளக்கை அணைத்தாள். அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கி, அவர் காப்பாற்றிய குஞ்சுகளைத் திரும்பத் தாயிருக்கும் தொட்டியிலேயே ஊற்றினாள். மகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்றுகூட டாக்டர் நினைத்தார். ஒளிய ஒன்றுமே வைக்கவில்லையா என்று கேட்டுக்கொண்டே அவள் காலி டம்ளரைத் தண்ணீருக்குள் படுக்க வைத்தாள். பேஷண்ட் கழுத்தில் கட்டுகிற துணியை எடுத்துத் தொட்டியின் மேல் பாதி மூடினாள்.

"இப்ப எல்லாரும் தள்ளி நில்லுங்க. அப்பா, நீங்க இன்னும் தள்ளி. செவுத்தோட நில்லுங்க."

தன் கிளினிக்கில், தன் நாற்காலிக்கு எதிரே, டாக்டர் சுவரோடு ஒட்டி நின்றார். மோட்டாரின் குமிழ்ச் சத்தம் மட்டும் கேட்டது. மேஜை மேலிருந்த பல் அச்சுகள் எல்லாம் அவரையே பார்த்து இளிக்கிற மாதிரி இருந்தது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் மஞ்சக்கிழங்கு டம்ளருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வாயைத் திறந்தது. ஒரு குஞ்சு வெளியே வந்து, சுற்றும் முற்றும் பார்த்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு பள்ளிக்கூடம் விட்ட மாதிரி எல்லாம் வந்தன. எல்லாம் உயிரோடு இருந்தன. ஒன்றுக்கும் ஒரு சின்னக் கீறல்கூட இல்லை.

செத்ததை அழுது முடித்தவர் முன்னால் செத்தது எழுந்து வந்தால் எப்படி இருக்கும்? சிஸ்டர் மூக்கை உறிஞ்சினார். தான் சொன்ன பழமொழியை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்படியானால் அது தின்னவில்லையா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றாள் மகள். அது முட்டையை வாயில்தான் வைத்துப் பொரிக்கும், பொரித்த பிறகும் குஞ்சுகளுக்குப் பயம் வந்தால் உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளும், பயம் தெளிந்ததும் விட்டுவிடும், அதுவரைக்கும் பட்டினியாகவே கிடக்கும். அது முட்டையை வாயில் எடுத்ததைத் தானே பார்த்ததாகவும் சொன்னாள். இத்தனை வார்த்தையை அவள் ஒருசேர அவரிடம் பேசி எத்தனையோ மாதமாகிவிட்டது.

"தெரிஞ்சும் ஏன்டா கண்ணு எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க திறந்து பாப்பீங்க."

டாக்டர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. பேச்சை மாற்றுகிற மாதிரி, அப்படி எதைப் பார்த்து அது பயந்தது, விளக்கைப் பார்த்தா, வலையைப் பார்த்தா என்று கேட்டார். மகள் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கோபமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"உங்களப் பாத்துத்தான்."

பல்லைப் பிடுங்கும்போது வலிக்காமலிருக்க ஊசி போடுவார்கள். இதற்கு முன்னால் யாரும் ஊசி போடவில்லை. டாக்டர் சுவரில் சாய்ந்தபடி நின்றார். எத்தனை ஞாயிற்றுக்கிழமை இதே முகத்தைத் தூக்கிக்கொண்டு அவள் மேல் கவிழ்ந்திருக்கிறார், எத்தனை கேள்வியை உள்ளே விட்டுத் துழாவியிருக்கிறார் என்று நினைக்க நினைக்க அவருக்குக் கூசியது. அவள் மீனைப் பற்றித்தான் சொன்னாள். அவருக்கு அது மீனோடு நிற்கவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று புரியாமல், மகளை இறக்கிவிட்ட கார் அன்றைக்கு இன்னும் போகாமல் வாசலிலேயே நின்றிருந்தது. மகள் தொட்டியைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், பல்லைக் குடைகிற இயந்திரத்தைப் பார்த்தாள். நாளைக்குக் காலையில் இந்த அறையில் என்ன சத்தம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். எதையோ கேட்க வந்து, கேட்காமல் விழுங்கிக்கொண்டாள். டாக்டர் அதைப் பார்த்தார். என்ன, என்ன என்று வழக்கம்போல நாக்கு நுனி வரை வந்தது. அதைக் கடித்துக்கொண்டு, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோம் என்று நன்றாகத் தெரிந்தே சொன்னார்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடு கண்ணு. தாயையும் பிள்ளைங்களையும். இங்க வேணாம்."

சிஸ்டர் திடுக்கிட்டு அவரைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு சிஸ்டருக்கும் தெரியும். மகளுக்கு நம்பிக்கை வரவில்லை. நிஜமாகத்தான் சொல்கிறீர்களா என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு பேய்வேகத்தில் மோட்டாரைப் பிடுங்கினாள், தண்ணீரைப் பாதியாக மொண்டு வெளியேற்றினாள், காற்றுக்கு இடம் விட்டு மூடியைச் சாத்தித் துணியைச் சுற்றினாள். அவரே அதை ஏந்திக்கொண்டு படியிறங்கினார்.

காருக்குள்ளிருந்து மகளின் அம்மா பார்த்தாள். பிரிந்த பிறகு அந்த வாசலில் அவர் அவளருகே வந்து நிற்பது இதுதான் முதல் தடவை. என்ன அது என்று கேட்டாள். மஞ்சக்கிழங்கு, பிள்ளை பெற்றிருக்கிறது என்றார். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். ஒன்றும் செய்ய வேண்டாம், எட்ட நின்றால் போதும் என்று சொல்லிவிட்டு, தொட்டியைப் பின் சீட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். கார் கிளம்பியதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டும் என்பதுதான் அவர் யோசனை. அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை.

முன் சீட்டில் ஏறிக்கொண்ட மகள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, சும்மா வெச்சா தண்ணி தளும்பும். யாராவது மடியில புடிச்சுக்கணும்."

டாக்டர் அசையவில்லை. யாரைச் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. மகளின் அம்மா கண்ணாடி வழியாக அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இன்ஜினைக் கிளப்பினாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று தெரியாமலே அவர் ஏறி உட்கார்ந்தார்.

தொட்டி மடியில் இருந்தது. துணியைத் தூக்கிப் பார்க்கக் கை அரித்தது, தூக்கவில்லை. கேட்பதற்கு நூறு கேள்வி இருந்தது, கேட்கவில்லை. ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு தெரு தாண்டியது, சிக்னல் தாண்டியது. அப்போது முன் சீட்டில், முன்னால் பார்த்தபடியே, மகள் தானாகச் சொன்னாள்.

"நான் கணக்குல ஃபெயில். ரெண்டு தடவ."

ஓட்டிக்கொண்டிருந்தவளின் கால் தன்னையறியாமல் பிரேக்கை மிதித்தது. அவளுக்கும் அது புதுச் செய்தி என்பது அந்த மிதியிலேயே தெரிந்தது. தொட்டி குலுங்கி, தண்ணீர் தளும்பி, டாக்டரின் நல்ல சட்டை முழுக்க நனைந்தது. எத்தனை மார்க், எப்போது, ஏன், எப்படி என்று எல்லாம் ஒரே நேரத்தில் அவர் தொண்டையில் முட்டிக்கொண்டு நின்றன. அவர் தொட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தார்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மகள் மேலே சொல்ல ஆரம்பித்தாள்.